இடைக்கதவு உள்ள இரண்டு கேபின்கள்: பெற்றோரையும் பிள்ளைகளையும் சொகுசுக் கப்பலில் அழைத்துச் செல்வோருக்கு அவை தேவைதானா?

கீழக்கரைவாசி:

அனைவருக்கும் சலாமும் வணக்கமும். வரும் மே மாதப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூருக்குச் சென்று, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் வரை போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் ஏறலாம் என்று எண்ணியிருக்கிறோம். நானும் மனைவியும், 14 வயது மகள், 11 வயது மகன், 5 வயதுக் கடைக்குட்டி, எங்களோடு வாப்பாவும் உம்மாவும் என மொத்தம் ஏழு பேர். வாப்பாவுக்கு 74 வயதாகிறது; முழங்கால் வலி உண்டு; இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருப்பார், அப்போது யாராவது ஒருவர் கை கொடுக்க வேண்டியிருக்கும்.

முகவர் இரண்டு ஏற்பாடுகளைச் சொல்கிறார். ஒன்று, நடுச்சுவரில் கதவு வைத்து இணைத்த இரண்டு பால்கனி கேபின்கள். மற்றொன்று, நடைவழியின் இரு பக்கமும் எதிரெதிராக அமைந்த ஒரு பால்கனி கேபினும் சன்னல் இல்லாத ஓர் உள்கேபினும். இதற்குக் கட்டணம் கணிசமாகக் குறைகிறது. இடைக்கதவு இருந்தால் அடுத்த கேபினின் சத்தமெல்லாம் கேட்கும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். இத்தகைய கேபினில் தங்கியவர்களோ, கப்பலில் வேலை பார்த்தவர்களோ விவரம் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மண்டபம் முன்னாள் ஸ்டூவர்டு:

வ அலைக்கும் சலாம் பாய். பயணியர் கப்பல்களில் கேபின் ஸ்டூவர்டாக, அதாவது பயணிகளின் கேபின்களைக் கவனிக்கும் பணியாளராக, பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் உறவினர் சொன்னது உண்மைதான்; ஆனால் அது பாதி உண்மை. கதவுக்கு அந்தப்பக்கம் இருப்பவர்கள் உங்கள் வீட்டார் என்றால் அந்தச் சத்தம் உங்களுக்குத் தேவையான சத்தம். இருமல் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பீர்கள். அந்தப்பக்கம் இருப்பவர்கள் அந்நியர்கள் என்றால் அதே கதவு பயணம் முடியும்வரை தொல்லை. ஆகவே இரண்டு கேபின்களையும் ஒரே வீட்டார் எடுப்பதாக இருந்தால் மட்டுமே இடைக்கதவுள்ள கேபினில் கை வையுங்கள். ஒன்றை மட்டும் எடுப்பவர்கள், விலை எவ்வளவு குறைந்தாலும் அதைத் தவிர்த்துவிட வேண்டும் என்பதே என் கருத்து.

கதவின் அமைப்பு கப்பலுக்குக் கப்பல் மாறும். சிலவற்றில் ஒரே கதவு இருக்கும். வேறு சிலவற்றில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கதவுகள் இருக்கும், ஒவ்வொரு கேபினாரும் தம் பக்கத்துக் கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம். இரண்டு கதவுகள் உள்ள கேபின்களில் சத்தம் ஓரளவு குறையும். பயணம் தொடங்கும்போது கதவு பெரும்பாலும் பூட்டியே இருக்கும். இரண்டு முன்பதிவுகளும் ஒரே குடும்பத்தினுடையவை என்று உறுதியான பிறகுதான் ஸ்டூவர்டு திறந்துவிடுவார். ஏறும் நாளில் அவருக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். ஆகவே அவர் முகத்தைக் கண்டவுடனே சொல்லிவிடுங்கள், மாலைவரை காத்திருக்க வேண்டாம்.

இடைக்கதவு அமைந்த சுவரோரத்தில் எதையும் நிரந்தரமாகப் பொருத்த முடியாது. அதனால் சில கப்பல்களில் இத்தகைய கேபினில் சோபா சிறியதாக இருக்கும், அல்லது அலமாரி ஒன்று குறையும். ஏழு பேருக்கான பெட்டிகளை வைக்கக் கட்டிலுக்கு அடியிலுள்ள இடத்தைத்தான் நம்ப வேண்டும். அதற்குள் போகும் உயரத்தில் பெட்டிகளை வாங்குவது நல்லது.

தொண்டிக் கரையிலிருந்து:

மண்டபத்து அண்ணன் சொல்வதற்கு நானே சாட்சி. நானும் மனைவியும் மட்டும் சென்ற ஒரு பயணத்தில், கேபின் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத மலிவுக் கட்டணத்தில் பதிவு செய்திருந்தோம். கப்பல்காரர்களே ஒதுக்கிய கேபின் இடைக்கதவு உள்ளதாக அமைந்துவிட்டது. பக்கத்துக் கேபினில் நான்கு இளைஞர்கள். அவர்கள் நள்ளிரவுக்கு மேல் திரும்பி வந்து, குளியலறைக்கு யார் முதலில் போவது என்று வாதாடியது ஒரு சொல் விடாமல் எங்கள் கட்டிலுக்குக் கேட்டது. கதவின் அடியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அவர்கள் விளக்கைப் போட்டால் எங்கள் தரையில் வெளிச்சக் கோடு விழும். வரவேற்பு மேசையில் முறையிட்டபோது, கப்பல் நிறைந்துவிட்டதால் மாற்றுக் கேபின் இல்லை என்று சொல்லிக் காதடைப்பான் இரண்டு சோடி தந்தார்கள். பெரிய குளியல் துண்டைச் சுருட்டி இடைவெளியில் அழுத்தி வைத்த பிறகுதான் சத்தம் பாதியாகக் குறைந்தது.

மலிவுக் கட்டணத்தில் பதிவு செய்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் இரண்டு கேபின்களை அப்படிப் பதிவு செய்தால், கீழக்கரை அண்ணே, ஒன்று ஐந்தாம் தளத்திலும் மற்றொன்று பத்தாம் தளத்திலும் அமையலாம். அப்போது யாரிடமும் முறையிட முடியாது.

இராமேசுவரம் தீவான்:

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நாம் கேபினில் இருக்கும் நேரம் என்ன? உறங்குவதும் உடை மாற்றுவதும்தான். மற்ற நேரமெல்லாம் உணவுக்கூடத்திலும் மேல்தளத்திலும் கரையிலும் கழியும். அந்தச் சில மணி நேரத்துக்காக இரண்டு பால்கனிகளுக்குப் பணம் கொடுப்பது வீண் செலவு என்று எனக்குப் படுகிறது. எதிரெதிர் கேபின்களில் ஒரே பால்கனியைப் பகலில் எல்லோரும் பயன்படுத்தலாம். சன்னல் இல்லாத உள்கேபினில் விளக்கை அணைத்தால் பகலிலும் கும்மிருட்டாக இருக்கும், பிள்ளைகள் நன்றாக உறங்குவார்கள். நான்கு எட்டு வைத்தால் எதிர்க்கதவு. இதற்கு இடைக்கதவு எதற்கு?

மேலும், கூட்டுக் குடும்பத்தில் ஒரு கதவு திறந்தே இருந்தால் அது நாள் முழுவதும் திறந்துதான் இருக்கும். மருமகள் தலை துவட்டும்போது மாமனார் செய்தித்தாள் கேட்டு வந்து நிற்பார். விடுமுறையில் கணவனும் மனைவியும் தனியாகப் பேசிக்கொள்ளவும் சிறிது இடம் வேண்டாமா?

இராமநாதபுரம் பாரதி நகர் சகோதரி:

தீவு அண்ணன் சிரிக்க வைத்துவிட்டார். ஆனால் அவர் சொல்லும் நான்கு எட்டு, பகலில்தான் நான்கு எட்டு. மாமியார், மாமனார், இரண்டு பிள்ளைகள் ஆகியோரோடு நாங்கள் ஒருமுறை எதிரெதிர் கேபின்களிலும், மற்றொரு முறை இடைக்கதவு உள்ள கேபின்களிலும் தங்கியிருக்கிறோம். எதிரெதிர் கேபின்களில் நடந்ததைச் சொல்கிறேன். கேபின் கதவுகள் கனமானவை. தாமாகவே மூடிப் பூட்டிக்கொள்பவை. விடியற்காலையில் மாமனார் எங்களைத் தேடி வெளியே வந்திருக்கிறார், அவர் கதவு பின்னால் பூட்டிக்கொண்டது, கதவைத் திறக்கும் கார்டு உள்ளே இருக்கிறது, கண்ணாடியும் அணியவில்லை. அந்த நடைவழியில் எல்லாக் கதவுகளும் ஒரே நிறம், ஒரே அளவு. துப்புரவுப் பணியாளர் ஒருவர் அவரைப் பார்த்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, எங்களைத் தட்டி எழுப்பினார். நல்லவேளை, அவர் எண்ணை மறக்கவில்லை.

இடைக்கதவு உள்ள கேபின்களில் இந்தக் கவலை இல்லை. இரவில் கதவை முழுதாக மூடாமல் கையளவு திறந்து வைத்தோம். கப்பல் அசையும்போது கதவு ஆடி இடிக்காமல் இருக்க, தண்ணீர் நிறைத்த ஒரு லிட்டர் போத்தல்கள் இரண்டைக் கதவின் இருபுறமும் முட்டுக்கொடுத்தோம். மாமியாரின் மாத்திரை டப்பாவும் சர்க்கரை பார்க்கும் கருவியும் எங்கள் பக்கத்து மேசையில் இருந்தன. காலையில் இரண்டு குளியலறைகளையும் ஆறு பேரும் வரிசை போட்டுப் பயன்படுத்தியது எவ்வளவு உதவி என்பதைப் பெண்கள் மட்டுமே அறிவோம்.

தனிமை பற்றிய கேள்விக்கு என் பதில் இதுதான். இரவு பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டாமல் யாரும் வரக்கூடாது என்று முதல் நாளே மாமியார் முன்னிலையில் என் கணவர் சொல்லிவிட்டார். வீட்டில் சொல்லத் தயங்குவதைக் கப்பலில் சொல்லலாம். இடம் சிறியது என்பதால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

கீழக்கரைவாசி:

சகோதரியின் பதிவைப் படித்த பிறகு எதிரெதிர் கேபின் யோசனையை ஏறத்தாழக் கைவிட்டுவிட்டேன்; வாப்பாவும் அப்படி எழுந்து வெளியே செல்லக்கூடியவர்தான். இன்னும் இரண்டு சந்தேகங்கள். வாப்பாவும் உம்மாவும் விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு எழுவார்கள். தொழுமுன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்ய வேண்டும், முசல்லா என்ற தொழுகை விரிப்பை விரிக்க இடம் வேண்டும், பிள்ளைகளின் உறக்கமும் கெடக்கூடாது. இரண்டாவது, யாரை எந்தக் கேபினில் பதிவு செய்வது? உம்மா பேத்தியைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்.

மண்டபம் முன்னாள் ஸ்டூவர்டு:

முசல்லாவுக்குத் தனியாக இடம் தேட வேண்டாம் பாய். இடைக்கதவின் முன்னால் வழி விட்டாக வேண்டும் என்பதால் அந்த இடத்தை எப்போதும் காலியாகவே வைத்திருப்பார்கள். பல கேபின்களில் ஒரு முசல்லா தாராளமாக விரியும். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் நிற்பதைவிட அங்கே நிற்பது வசதி. தொழும் திசையைத்தான் கவனிக்க வேண்டும்: கப்பல் திரும்பிக்கொண்டே இருக்கும், சுற்றிலும் இரும்பு இருப்பதால் கைப்பேசியின் திசைகாட்டி உள்ளே சரியாகக் காட்டாது. கேபின் தொலைக்காட்சியில் கப்பல் செல்லும் திசையைக் காட்டும் அலைவரிசை பெரும்பாலும் இருக்கும். அதைப் பார்த்து முடிவு செய்வதே நம்பகமானது.

ஒளு பற்றி ஓர் எச்சரிக்கை. சாதாரணக் கேபின்களில் குளியலறை வாசலில் கால் தடுக்கும் உயரத்தில் ஒரு படி இருக்கும். தண்ணீர் வெளியே வராமல் இருக்க அப்படிக் கட்டியிருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர், அசையும் தரையில் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைக் கழுவுதொட்டிக்குத் தூக்கவே கூடாது. குளிக்கும் இடத்தில் போட ஒரு சிறு முக்காலி கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். உட்கார்ந்தபடியே கைப்பிடிக் குழாயால் காலைக் கழுவிக்கொள்ளலாம். சக்கர நாற்காலியில் செல்வோருக்கான அகலக் கேபின்களில் இந்தப் படி இருக்காது. அவற்றுள் இடைக்கதவு உள்ளவை அரிதாகத்தான் கிடைக்கும், இருந்தாலும் முகவரிடம் கேட்டு வையுங்கள்.

படுக்கைக் கணக்குக்கு வருவோம். இடைக்கதவால் இணைந்த இரண்டு கேபின்களும் ஒரே அளவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒன்று நான்கு பேருக்கும் மற்றொன்று இரண்டு பேருக்கும் மட்டுமே அனுமதி உள்ளதாக இருப்பது மிகச் சாதாரணம். உங்களுக்கு நாலும் மூன்றும் வேண்டும். கட்டில் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய உயிர்காப்புப் படகில் இடமும் இருக்க வேண்டும்; அதனால்தான் கண்ணுக்குப் படுக்கை தெரிந்தாலும் சில நேரம் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்று கணினி சொல்லும். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் தரையோடு உள்ள இரண்டு கட்டில்களைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். மகளும் மகனும் அதே கேபினில் இரயில் பெட்டியில் ஏறுவதுபோல மேல் படுக்கைகளில் ஏறிக்கொள்ளட்டும். கடைக்குட்டி உங்கள் கேபினில் சோபாக் கட்டிலில் படுக்கட்டும். அந்த வயதில் மேல் படுக்கை கூடாது.

பதிவேட்டில் எழுதும்போது ஒவ்வொரு கேபினிலும் வயது வந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. உங்கள் ஏற்பாட்டில் அது தானாகவே அமைந்துவிடுகிறது. இரவில் இடம் மாறிப் படுப்பதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் அவசரக் காலத்தில் கூட வேண்டிய இடம், பதிவு செய்த கேபினை வைத்தே கார்டில் அச்சாகும். குழந்தை அளவு உயிர்காப்பு அங்கியைக் கேபினில் வைக்கும் கப்பல்களில் அதுவும் பதிவின்படியே வரும். ஆகவே யார் எங்கே உறங்குவார்களோ அங்கேயே பதிவு செய்வது நல்லது. 2012 சனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கொன்கோர்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அவசரக்காலப் பயிற்சியைக் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ முடித்தாக வேண்டும் என்று பன்னாட்டு விதியை இறுக்கினார்கள். அந்தப் பயிற்சிக்கு ஏழு பேரும் சேர்ந்தே செல்லுங்கள். இரண்டு கேபின்களுக்கும் கூடுமிடம் ஒன்றுதானா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

சாயல்குடி கப்பல் பொறியாளர்:

சரக்குக் கப்பலில் இருப்பவன் என்றாலும், கட்டுமானம் பற்றி ஓரளவு சொல்ல முடியும். பயணியர் கப்பல்களின் கேபின்களைப் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே முழுப் பெட்டியாகச் செய்து கொண்டுவந்து கப்பலுக்குள் தள்ளிப் பொருத்துகிறார்கள். சுவர் என்பது இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகளுக்கு நடுவில் பாறைக் கம்பளி (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) அடைத்த பலகை. நெருப்பைத் தடுப்பதற்காக அமைந்த அந்த அடைப்பே சத்தத்தையும் தடுக்கிறது. கதவு வைக்கும் இடத்தில் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகிறது. கதவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சுற்றியுள்ள இடுக்கு வழியே ஒலி கசியத்தான் செய்யும். அலை அதிகமான இரவில் பலகைப் பொருத்துகளும் கதவு நிலையும் கிறீச்சிடும். தடித்த காகிதத்தை மடித்து இடுக்கில் செருகினால் அடங்கும்.

உங்கள் பயணம் மே மாதம் என்பதால் இடத்தேர்வும் முக்கியம். மலாக்கா நீரிணைக்குள் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும், சுமாத்திராவின் மறைவு அதற்குக் காரணம். புக்கெட் பக்கம் அப்படி இல்லை. நம் கரையில் கச்சான் எழும் அதே பருவத்தில் அங்கேயும் தென்மேற்குக் காற்றின் அலை வந்து மோதும். கப்பலின் நீளவாக்கில் நடுவிலும், உயரத்தில் கீழ்த்தளங்களிலும் அசைவு குறைவு. நடுவில் இணைந்த கேபின்கள் கிடைக்காமல் முன்மூக்கில்தான் கிடைக்கின்றன என்றால், முதியவர்களுக்காக நான் இடைக்கதவை விட்டுக்கொடுத்து நடுப்பகுதியைத்தான் எடுப்பேன்.

தேவிபட்டினம் பெரியவர்:

இவ்வளவு தூரம் சிங்கப்பூருக்கு ஏன் போக வேண்டும்? சென்னையிலிருந்தே இலங்கைக்குக் கப்பல் போகிறதே! தனுஷ்கோடி துறையிலிருந்து தலைமன்னாருக்கு எங்கள் தகப்பனார் காலத்தில் நீராவிக் கப்பல் ஓடியது. 1964 புயல் அந்தத் துறையையே கொண்டுபோனது. இப்போது பாம்பனில் 2025 ஏப்ரலில் புதிய தூக்குப் பாலமும் திறந்தாகிவிட்டது. சொகுசுக் கப்பல் ஒன்று நம் பக்கம் வராதா?

சாயல்குடி கப்பல் பொறியாளர்:

ஐயா, பாலம் தூக்கினாலும் கடல் ஆழமாகாது. பாம்பன் கால்வாயும் சேதுத் திட்டுகளும் சொகுசுக் கப்பலின் அடிப்பகுதிக்குப் போதிய ஆழம் இல்லாதவை. சென்னையிலிருந்து அம்பாந்தோட்டைக்குப் போகும் கப்பல்கூட இலங்கையின் கிழக்குக் கரையைச் சுற்றித்தான் செல்கிறது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கியது சில மணி நேரப் பயணம். அதில் இருக்கைதான், கேபின் கேள்வியே எழாது.

மண்டபம் முன்னாள் ஸ்டூவர்டு:

சென்னைக் கப்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 சூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கிய எம்பிரஸ், 1990இல் வேறு பெயரில் கடலில் இறங்கிய கப்பல். பால்கனிகள் பெருகுவதற்கு முந்தைய காலத்துக் கட்டுமானம் அது. இன்றைய புதிய கப்பல்களின் அளவுக்குக் கேபின்களை அதில் எதிர்பார்க்க முடியாது. கூட்டுக் குடும்பத்துக்கான கேபின் வகைகள் வேண்டும் என்றால் புதிய பெரிய கப்பல்களில்தான் தேர்வு அதிகம்.

பரமக்குடி பயண முகவர்:

கட்டணக் கணக்கில் பலர் தடுமாறுகிறார்கள் என்பதால் எழுதுகிறேன். ஒரு கேபினில் முதல் இரண்டு பேருக்கு முழுக் கட்டணம். மூன்றாம், நான்காம் ஆளுக்குப் பெரும்பாலும் குறைவு. அதனால் ஏழு பேர் என்றால் நான்கு முழுக் கட்டணம், மூன்று குறைந்த கட்டணம் என்று வரும். மூன்று கேபின்கள் எடுத்தால் கணக்கு உடனே ஏறிவிடும். இடைக்கதவுக்கு என்று தனிக் கட்டணம் பொதுவாக இருப்பதில்லை. எண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுள்ள கட்டண வகைக்குத்தான் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். தீவு அண்ணன் சொன்ன உள்கேபின் மலிவு என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

பதிவு செய்யும்போது கப்பலின் தளப் படத்தை முகவரிடம் கேட்டு வாங்கி, இரண்டு எண்களுக்கும் நடுவில் இணைப்புக் குறி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அடுத்தடுத்த எண்கள் என்பதால் கதவு இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பிறகு இரண்டு முன்பதிவுகளையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். இதைவிட முக்கியமானது, இலவச மேம்பாடு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. பயணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு கேபினுக்கு மட்டும் மேல்வகை கிடைத்து, மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டு, ஏறிய பிறகு தாயும் பிள்ளையும் வேறு வேறு தளங்களில் நின்ற குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் விட்டுப்போன கேபினுக்கு யாரோ வந்துவிட்டார்கள். கதவு பூட்டியபடியே கிடந்தது.

இராமேசுவரம் தீவான்:

சிறு குழந்தையும், இரவில் துணை தேவைப்படும் பெரியவரும் இருக்கும் குடும்பத்துக்கு இடைக்கதவு ஏற்றது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடமாட்டம் நன்றாக உள்ள பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் என்றால் என் கணக்கில் இப்போதும் எதிரெதிர் கேபின்களே மேல்.

கீழக்கரைவாசி:

இன்று காலை முகவரிடம் பேசினேன். நடுப்பகுதியில் இடைக்கதவு உள்ள இரண்டு கேபின்கள் இருக்கின்றன. ஒன்றில் நான்கு பேர், மற்றொன்றில் மூன்று பேர் என்று அனுமதியும் சரியாக வருகிறது. பால்கனி இல்லை, பெரிய சன்னல் மட்டுமே. அதனால் விலையும் நடுத்தரமாக இறங்கிவிட்டது. எண்களைத் தளப் படத்தில் சரிபார்த்து, மேம்பாடு வேண்டாம் என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். பால்கனி போனதில் மகளுக்கு வருத்தம்; உம்மாவுக்கு நிம்மதி, கடைக்குட்டி கம்பியில் ஏறுவான் என்ற பயம் அவருக்கு முதலிலிருந்தே இருந்தது.

மண்டபம் முன்னாள் ஸ்டூவர்டு:

நல்ல ஏற்பாடு பாய். ஏறியவுடன் ஸ்டூவர்டிடம் மூன்றைச் சேர்த்தே சொல்லிவிடுங்கள்: இடைக்கதவைத் திறப்பது, பெரியவர்களின் கட்டில்களைப் பிரிப்பது, குளியலறைக்கு முக்காலி. ஒரு கேபினின் கார்டு மற்றக் கேபினின் வெளிக்கதவைத் திறக்காது என்பதால், உங்கள் இருவரில் ஒருவருக்காவது வாப்பாவின் கேபினுக்கும் ஒரு கார்டு போட்டுத் தர முடியுமா என்று வரவேற்பு மேசையில் கேளுங்கள். அவர் உள்ளிருந்து இடைக்கதவைத் தாழிட்டுவிட்டு உறங்கிப்போனால் அது தேவைப்படும்.